குவாதலூப் தீவில் ஓய்வான கடற்கரை விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் புறநகரில் வசிக்கும் எங்கள் குடும்பம் கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்கு இதுவரை நான்கு முறை சென்று வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை திரும்பியதும் உறவினர்களும், கோயிலில் சந்திப்பவர்களும், புதுச்சேரியிலிருந்து அழைக்கும் மைத்துனர் வீட்டாரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். தொலைபேசியில் பலமுறை சொன்ன பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

குவாதலூப் தனி நாடோ, பிரான்சோ?

பிரான்ஸ்தான். 1946 முதல் அது பிரான்சின் கடல் கடந்த மாவட்டங்களுள் ஒன்று. யூரோ செல்லும், பிரெஞ்சுச் சட்டம் செல்லும், மருத்துவக் காப்புறுதி அட்டையான கார்த் வித்தால் செல்லும், மின்செருகிகூட பாரிஸ் வீட்டிலுள்ள அதே வகைதான். ஐரோப்பியக் கைத்தொலைபேசி இணைப்புக்கும் வெளிநாட்டுக் கட்டணம் விழாது.

வரைபடத்தில் பார்த்தால் இரண்டு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தெரியும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்: சுண்ணாம்புக்கல் நிலம், சமவெளி, கரும்புத் தோட்டம், வெண்மணற் கரை. மேற்குச் சிறகு பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவி, கருமணலும் செம்மணலும் கலந்த கரைகள். பாஸ்-தேர் என்றால் தாழ்ந்த நிலம் என்று பொருள். ஆனால் தீவின் மலைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. காற்றுக்கு மறைவான பக்கத்தைத் "தாழ்ந்த" பக்கம் என்று சொல்லும் மாலுமிகளின் வழக்கிலிருந்து வந்த பெயர் அது. இரண்டு சிறகுகளுக்கும் இடையே ஓடும் ஒடுங்கிய உவர்நீர்க் கால்வாயைப் பாலத்தில் கடக்கும்போது, கடந்ததே தெரியாது.

பிரான்ஸ் என்றால் ஷெங்கன் விசாவிலேயே போய்விடலாமா?

முடியாது. அதிகமானோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். குவாதலூப் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிறது. ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பரப்புக்குள் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டில் சாதாரணக் குறுகியகால ஷெங்கன் விசா மட்டும் வைத்திருப்பவர், பாரிஸ் வரை வந்துவிட்டு அங்கிருந்து விமானம் ஏற முடியாமல் நிற்க நேரிடும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் விண்ணப்பிக்கும்போதே, செல்லுமிடம் கடல் கடந்த மாவட்டம் என்று தெளிவாகக் குறிப்பிட்டு அதற்குச் செல்லும் விசாவைப் பெற வேண்டும். பாரிஸிலும் சில நாள் தங்குவதாக இருந்தால் அதையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.

பிரான்சின் வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அட்டையோடு கடவுச்சீட்டையும், அகதி நிலை உள்ளவர்கள் பயண ஆவணத்தையும் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். ஊருக்குள் பறப்பது போலத் தோன்றினாலும் எல்லைக் கட்டுப்பாடு உண்டு. பிரித்தானிய, கனேடியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. அமெரிக்கா வழியாகப் பயணச்சீட்டு மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்பவர்கள், விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு அமெரிக்க விசா தேவை என்பதை மறந்துவிட வேண்டாம்.

எவ்வளவு நேரம் பறக்க வேணும்? அம்மாவுக்குத் தாங்குமோ?

பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ எட்டரை மணி நேரம். மொன்றியலிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. குவாதலூப் நேரம் பாரிஸுக்குக் குளிர்காலத்தில் ஐந்து மணி நேரமும் கோடையில் ஆறு மணி நேரமும் பின்தங்கியது. ஆகவே பிற்பகலில் இறங்கும்போது உடம்புக்கு இரவு பத்து மணி ஆகியிருக்கும். வெப்பமண்டலத்தில் மாலை சட்டென்று முடிந்து, டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். முதல் நாளே வாடகைக் காரில் மலைப்பாதை ஏறித் தீவின் மறுகோடிக்குப் போகத் திட்டமிட வேண்டாம். விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் அடையக்கூடிய ஊரில் முதல் இரவைக் கழிப்பது முதியவர்களுக்கும் ஓட்டுநருக்கும் நல்லது.

எந்த மாதம் நல்ல மாதம்?

டிசம்பர் முதல் மே வரை வறண்ட காலம். வடகிழக்குக் காற்று வீசுவதால் வெயிலின் கடுமை தெரியாது. நத்தார் முதல் பெப்ரவரிப் பள்ளி விடுமுறை முடியும் வரை விலை உச்சத்தில் இருக்கும். ஜனவரியிலிருந்து சாம்பல் புதன் வரை கார்னிவல் ஊர்வலங்கள் நடக்கும். பார்க்கத் தகுந்தவைதான், எனினும் உறக்கத்தைத் தேடி வந்தவர்களுக்கு அந்த மேளச் சத்தம் ஒத்துவராது. ஈஸ்டர் நாள்களில் தீவுக் குடும்பங்கள் கூடாரம் அடித்துக் கடற்கரையிலேயே தங்கி நண்டு சமைத்து உண்பார்கள். அது அவர்களின் திருநாள், அன்று காலியான கரையை எதிர்பார்க்கக் கூடாது.

எங்கள் தேர்வு ஈஸ்டர் முடிந்த பின் ஜூன் நடுப்பகுதி வரை. விலை இறங்கியிருக்கும், மழை இன்னும் முழுமையாகத் தொடங்கியிராது. கடல் நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 26 முதல் 29 பாகை வரை இருப்பதால் குளிர்ந்த கடல் என்ற பேச்சே இல்லை.

எந்தப் பக்கம் தங்குவது? ஒரு வாரம்தான் லீவு.

ஒரு வாரம் என்றால் ஒரே ஊரில் தங்குங்கள். மணலும் அமைதியான நீரும் போதும் என்பவர்களுக்குக் கிராந்த்-தேரின் தென்கரை: லு கோசியே, சேந்த்-ஆன், சேன்-பிரான்சுவா. இவற்றுள் சேந்த்-ஆன் எங்களுக்குப் பிடித்தது. ஊர்க் கரையிலேயே பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் நீர் குளம் போல் நிற்கும். மணலில் இருந்து எழுந்து பத்து அடி நடந்தால் சந்தை, பழக்கடை, உணவுக் கடை. சற்றுத் தள்ளி லா கரவேல் என்ற தென்னை வரிசைக் கரை இருக்கிறது. பக்கத்தில் விடுமுறைக் கிராமம் ஒன்று இருப்பதால் அது தனியார் கரை என்று பலர் எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். கடற்கரை பொதுச் சொத்து, யாரும் போகலாம்.

மலையும் காடும் கடலோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பவர்கள் பாஸ்-தேரின் மேற்குக் கரையில் தெயே அல்லது மலாந்தூர் பக்கம் தங்கலாம். தெயே அருகிலுள்ள கிராந்த் ஆன்ஸ் என்ற கரை, தீவின் அழகிய கரைகளுள் ஒன்று. ஆனால் அங்கே கரையை ஒட்டியே ஆழம் தொடங்கும், அலையும் புரட்டும். மலாந்தூருக்கு எதிரே பிஜியோன் என்ற சிறு தீவுகளைச் சுற்றி, ஆழ்கடல் ஆய்வாளர் கூஸ்தோவின் பெயரால் அழைக்கப்படும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி உள்ளது. கண்ணாடித் தளப் படகில் அமர்ந்தே பவளத்தைப் பார்க்கலாம் என்பதால் நீந்தத் தெரியாதவர்களும் ஏமாற வேண்டியதில்லை. கரையோரக் கடற்புல்லை மேய வரும் ஆமைகளைத் துரத்தாமல், தொடாமல் பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

நீந்தத் தெரியாது. கடலில் இறங்கலாமோ?

இடம் பார்த்து இறங்கலாம். மேலே சொன்ன சேந்த்-ஆன் ஊர்க் கரையும், அதற்குக் கிழக்கே உள்ள புவா ஜோலானும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்றவை; புவா ஜோலானில் வெகுதூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாத பகுதிகள் உண்டு. என் மாமியார் வாழ்நாளில் முதன்முறையாகக் கழுத்தளவு கடல் நீரில் அமர்ந்தது அங்கேதான்.

இறங்கக் கூடாத இடங்களும் உண்டு. தீவின் கிழக்கு முனையான புவான்த் தே ஷாத்தோவில் அட்லாண்டிக் பெருங்கடலும் கரிபியன் கடலும் மோதுவதைப் பார்க்கலாம், குளிக்கக் கூடாது. வடகரையின் பாறை முகப்புகளும் அப்படியே. உயிர்காப்பாளர்கள் சில கரைகளில் மட்டுமே இருப்பார்கள். கடல் மீட்புக்கான எண் 196. எந்த அவசரத்துக்கும் 112.

குளிக்கும் உடுப்புத்தான் போட வேணுமோ? சுடிதாரோடு இறங்கினால் ஏசுவார்களோ?

கடலில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வெயில் கடுமையாக இருப்பதால் உள்ளூர்க்காரர்களே நீள்கைச் சட்டையுடன் இறங்குவதைப் பார்க்கலாம். விடுதி நீச்சல் குளங்களில் மட்டும் பிரான்சில் உள்ளது போலவே நீச்சல் உடை வேண்டும் என்ற விதி இருக்கக்கூடும். மாறாக, குளிக்கும் உடையுடன் கடைக்கோ சந்தைக்கோ போவதை அங்கே மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் விலை கேட்பதும் அப்படியே. பாரிஸில் மன்னிக்கப்படும் இந்த அவசரம் அங்கே மன்னிக்கப்படுவதில்லை.

கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

ஊர்க் கரையை விட்டு எங்கும் போவதில்லை என்றால் முடியும். மற்றபடி பேருந்துகள் மாலையில் குறைந்து, ஞாயிறன்று ஏறத்தாழ நின்றுவிடும். வலப்பக்க ஓட்டம், பிரான்சின் அதே விதிகள். காலையிலும் மாலையிலும் புவான்த்-ஆ-பித்ர் நகரைச் சுற்றியும் ஜாரி தொழிற்பேட்டையைச் சுற்றியும் நெரிசல் கடுமையாக இருக்கும். திரும்பும் விமானத்துக்குக் கிளம்பும் நாளில் இதைக் கணக்கில் எடுங்கள்.

ஹோட்டலா, வீடா? வீடு எடுத்தால் என்ன பார்க்க வேணும்?

நான்கு பேருக்கு மேல் இருந்தால் சமையலறையுடன் கூடிய வாடகை வீடுதான் வசதி. பதிவு செய்வதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கடல் எவ்வளவு தூரம் என்பதாக இருக்க வேண்டாம், "தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா?" என்று கேளுங்கள். தீவின் குடிநீர்க் குழாய்கள் பழையவை. அனுப்பப்படும் நீரில் பாதிக்கும் மேல் கசிந்து வீணாவதால், பகுதி பகுதியாக முறை வைத்து நீரை நிறுத்துவார்கள். எங்கள் முதல் பயணத்தில் எடுத்த வீட்டில் தொட்டி இல்லை. கடலில் குளித்துவிட்டு உப்புடன் வந்து நின்றபோது குழாயில் காற்றுத்தான் வந்தது. குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த எனக்கே, நாளுக்கு இத்தனை யூரோ கொடுத்துவிட்டு வாளி தேடியது எரிச்சலாக இருந்தது. தொட்டியும் நீர் ஏற்றும் மோட்டாரும் உள்ள வீடுகளில் இந்தச் சிக்கல் தெரியாது.

சாப்பாடு? நாங்கள் மரக்கறிக்காரர்.

வெளியே உண்பது சற்றுக் கடினம். வீட்டில் சமைப்பது எளிது. சந்தையில் ஈரப்பலா, ராசவள்ளி, சேம்பு, மரவள்ளி, வாழைக்காய், சவ்சவ், பூசணி எல்லாம் கிடைக்கும். பாரிஸில் தேடித் திரியும் பொருள்கள் அங்கே தெருவோரத்தில் குவிந்திருப்பதைக் கண்டால் விடுமுறை என்பதையே மறந்து பை நிரப்புவார்கள் நம்மவர்கள். கடைகளில் சவ்சவ் கிராத்தான் என்ற வாட்டிய பண்டம் உண்டு. அக்ரா என்ற பொரியல் பெரும்பாலும் உப்புக் கருவாடு கலந்தது. மரக்கறி அக்ராவும் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அசைவம் உண்பவர்கள் கொலொம்போவை விட்டுவிடக் கூடாது. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு கலந்த தூளில் ஆட்டிறைச்சியோ கோழியோ வேகவைத்துச் சோற்றுடன் கொடுப்பார்கள். நம் கறியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். உறைப்பு மட்டும் தணிந்து, எலுமிச்சையும் தைம் என்ற மூலிகையும் சேர்ந்திருக்கும். மேசையில் தனியாக வைக்கப்படும் மிளகாய்ப் பச்சடியை மட்டும், நமக்கா உறைப்பு என்ற துணிச்சலில் கரண்டியால் அள்ளிவிட வேண்டாம்.

செலவு பாரிஸ் அளவுதானே?

கூடுதல். பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனமான இன்சேயின் 2022 கணக்கெடுப்பின்படி பொது விலைவாசி பிரான்சின் பெருநிலத்தை விட ஏறத்தாழ 16 சதவீதமும், உணவுப் பொருள் விலை 40 சதவீதத்துக்கும் மேலும் உயர்ந்திருந்தது. கப்பலில் வரும் பாலாடைக்கட்டியும் தயிரும் காலை உணவு மாவும் விலையை ஏற்றும். சந்தைக் காய்கறியும் பொக்கித் என்ற பொரித்த ரொட்டியும் வயிற்றையும் பணப்பையையும் காக்கும். பருப்பும் மிளகாய்த்தூளும் பெட்டியில் போட்டுக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாம்பு, நுளம்பு, விஷ மரம் என்று பயமுறுத்துகிறார்களே?

குவாதலூப்பில் நச்சுப் பாம்பு கிடையாது. அது அண்டைத் தீவான மார்த்தினிக்கின் கதை. மலேரியாவும் இல்லை. டெங்கு உண்டு; பகலில் கடிக்கும் நுளம்பு என்பதால் தைலம் காலையிலிருந்தே வேண்டும்.

விஷ மரம் உண்மை. மான்சினீல் என்ற மரம் கடலோரத்தில் வளர்கிறது. அதன் பால் தோலைப் பொசுக்கும், சிறு ஆப்பிள் போன்ற காய் தின்றால் ஆபத்து. பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசியோ பலகை வைத்தோ எச்சரித்திருப்பார்கள். மழை பெய்யும்போது அதன் கீழ் ஒதுங்கவே கூடாது. இலைகளில் வடியும் நீரே கொப்புளம் எழுப்பும். பிள்ளைகளிடம் "விழுந்து கிடக்கும் எந்தக் காயையும் தொடாதே" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடற்பாசி வந்து கரையே நாறுகிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையோ?

உண்மை. 2011 முதல் சர்காஸம் என்ற பழுப்புப் பாசி அட்லாண்டிக்கிலிருந்து திரளாக மிதந்து வந்து கரையேறுகிறது. அழுகும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை விடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அருகே போகக் கூடாது. ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறும். வசந்தமும் கோடையும் மோசமான மாதங்கள்.

அது காற்றோடு கிழக்கிலிருந்து வருவதால் கிராந்த்-தேரின் கிழக்கும் தெற்கும் அடிபடும். தெயே, மலாந்தூர் உள்ள மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும். எங்கே தங்குவது என்ற கேள்விக்கு நான் தந்த பதில் இங்கே சற்று மாறுகிறது. பாசி மிகுந்த ஆண்டில் மே, ஜூன் மாதங்களில் செல்பவர் மேற்குக் கரையைத் தேர்வதே அறிவு. வானிலை நிறுவனமான மெத்தேயோ-பிரான்ஸ் பாசி நகர்வு குறித்து அறிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் வாரத்தில் அதைப் பாருங்கள்.

புயல் காலத்தில் டிக்கெட் மலிவு. துணிந்து போகலாமோ?

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் வரை அதன் உச்சம். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தீவைச் சிதைத்தது. 2017 செப்டம்பரில் மரியா பாஸ்-தேரின் தென்பகுதியைத் தாக்கியது. பெரும்பாலான ஆண்டுகளில் எதுவும் நடக்காமல் போகும் என்பதும் உண்மை. தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டு, பணம் திரும்பக் கிடைக்கும் வீடு, சில நாள் தாமதத்தைப் பொறுக்கும் முதலாளி ஆகிய மூன்றும் உள்ளவர் போகலாம். முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எரிமலையையும் இதனோடு சேர்த்துக் கேட்பார்கள். 1467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் உறங்கும் மலை அல்ல. 1976-இல் அது புகைந்தபோது 70,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். இன்று ஆய்வகம் ஒன்று இரவுபகலாகக் கண்காணிக்கிறது. அதன் பொருட்டுக் கடற்கரை விடுமுறையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

வாழைத்தோட்ட மருந்து மண்ணில் ஊறிக் கிடக்கிறதாமே? மீன் சாப்பிடலாமா?

குளோர்தெக்கோன் என்ற பூச்சிக்கொல்லியை வாழைத் தோட்டங்களில் 1993 வரை பயன்படுத்தினார்கள். பாஸ்-தேரின் தென்பகுதி மண்ணில் அது இன்னும் இருக்கிறது. அப்பகுதியின் சில கடலோரப் பரப்புகளில் மீன்பிடிக்கத் தடை உண்டு. அங்கு வாழும் மக்களுக்கு அது நாள்தோறும் சுமக்கும் பெரும் அநீதி. ஒரு வாரம் வந்து போகிறவர் செய்ய வேண்டியது எளிது: எங்கே விளைந்தது, எங்கே பிடித்தது என்று சொல்ல முடியாத கிழங்கையும் மீனையும் சாலையோரத்தில் வாங்காமல், சந்தையிலும் கடையிலும் வாங்குவது. கடலில் குளிப்பதற்கு இதனால் தடையில்லை.

அவ்வளவு தூரம் போய் ஒரே கரையில் கிடப்பதா? மற்றத் தீவுகளையும் பார்க்கலாமே.

நாங்களும் முதல் முறை அப்படித்தான் எண்ணினோம். ஏழு நாளில் மூன்று தீவுகள். லே சேன்த் தீவுகளுக்குச் செல்லும் கால்வாயில் படகு எழுந்து விழுந்ததில் மாமியார் அரை நாள் தலை தூக்கவில்லை. மரி-காலாந்துக்கு மறுநாள் படகு என்றதும் பிள்ளைகள் அழுதார்கள். திரும்பி வந்தபோது எல்லோருக்கும் இன்னொரு விடுமுறை தேவைப்பட்டது.

வாரத்துக்கு ஒரு வெளிப்பயணம் போதும். லே சேன்த் என்றால் பாஸ்-தேரின் தெற்கிலுள்ள த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து ஏறுங்கள். இருபது நிமிட அளவில் கடந்துவிடலாம், தொலைவிலுள்ள துறைகளிலிருந்து ஏறுவதை விடக் குமட்டல் குறைவு. கரையிறங்கியதும் துறைமுகத்தில் கூடைக்காரப் பெண்கள் விற்கும், தேங்காய்ப் பூரணம் வைத்த தூர்மோன் தாமூர் என்ற சிறு பணியாரத்தை வாங்கிக்கொண்டு நிழலில் அமரலாம். மற்ற நாள்களில் காலை ஏழு முதல் பத்து வரை கடல், நடுப்பகலில் உறக்கம், நான்கு மணிக்கு மறுபடி கடல். இரண்டாம் நாள் அலுப்பது போல் இருக்கும். மூன்றாம் நாள் கைத்தொலைபேசியை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டிவரும்.

அங்கே இருப்பவர்கள் எங்கட ஆட்களாமே? தமிழில் கதைக்கலாமோ?

1848-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். ஓரெலி என்ற முதற்கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று புவான்த்-ஆ-பித்ரை அடைந்தது. அடுத்த 35 ஆண்டுகளில் ஏறத்தாழ 42,000 பேர் வந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பிரெஞ்சும், தீவின் கலப்பு மொழியான கிரியோலும் பேசுகிறார்கள். முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கடைப் பலகைகளில் தென்படும். ஆனால் தமிழில் பேச்சுக் கொடுத்தால் புன்னகைதான் பதிலாக வரும். அவர்கள் குடியுரிமையும் வாக்குரிமையும் இல்லாமல் இருந்த காலத்தில், பாஸ்-தேரிலுள்ள கப்பெஸ்தேர் என்ற ஊரைச் சேர்ந்த ஆன்றி சிதம்பரம் 1904-இல் தொடங்கிய வழக்கை 1923 வரை விடாமல் நடத்தி உரிமை பெற்றுத் தந்தார்.

கப்பெஸ்தேர்-பெல்-ஓ அருகே ஷாங்ஜி என்ற இடத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியே வண்ணச் சிலைகளுடன் கோயில் நிற்கிறது. அங்கே அம்மனை மாலியேமென் என்பார்கள், மாரியம்மன்தான். வேப்பிலையை வெப்பெலெ என்பார்கள். பூசையில் ஓதப்படும் தமிழ் வரிகள், பொருள் தெரியாத தலைமுறைகளின் வாய்வழியாக வந்தவை. உச்சரிப்பைத் திருத்தப் போகாதீர்கள். சில சடங்குகளில் ஆடு, சேவல் பலி உண்டு என்பதால் மரக்கறிக்காரரும் சிறுபிள்ளைகள் உள்ளோரும் அன்று என்ன பூசை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டு, படம் எடுக்க அனுமதி கேட்டு உள்ளே போங்கள். எங்களை அங்கே வரவேற்ற முதியவர், என் மனைவி எந்த ஊர் என்று கேட்டார். காரைக்கால் என்றதும் உள்ளே போய் ஒரு கொத்து வெப்பெலெ ஒடித்து வந்து கொடுத்தார்.